ஏறி இறங்கும் எண்கள்

20 ஜனவரி 2013, ஞாயிறு

பியூலாவின் காலில் வெந்நீர் கொட்டி இன்றோடு பதினொரு நாள். சர்க்கரை உடம்பு, ஆற நாளாகும் என்கிறார் டாக்டர். ஆராதனைக்கு நான் மட்டும் போய்வந்தேன். விசாரித்தவர்களிடம், வீட்டுக்காரி கை தவறிக் கொட்டிக்கொண்டாள் என்று சொன்னேன். மதியத்துக்கு நானே சாதம் வடித்தேன். ரசம் புளித்துவிட்டது. பியூலா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள்.

சாயங்காலம் எப்சி சிஸ்டர் வந்து கட்டு மாற்றிவிட்டுப் போனாள். ஹெப்சிபா என்பது முழுப்பெயர். மிஷன் ஆஸ்பத்திரியில் இருபத்தேழு வருஷமாக நர்ஸ். இரண்டு தெரு தள்ளி வீடு. பியூலாவோடு மாதர் சங்கத்தில் பாடுகிறவள். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அச்சகத்தார் சங்கத்து மலருக்குக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். தலைப்பு முடிவு செய்துவிட்டேன்: ‘பழைய முகம்.’ காஸ்லான் என்ற பழைய ஆங்கில அச்செழுத்தைப் பற்றி. இந்தப் பாளையங்கோட்டையில் அதைப் பற்றி எழுத என்னைவிட்டால் ஆள் கிடையாது. சொந்தக் கடை போடுவதற்கு முன் மிஷன் அச்சகத்தில் பதினைந்து வருஷம் அந்த ஈய எழுத்துகளை விரலால் எடுத்துக் கோத்தவன் நான்.

22 ஜனவரி, செவ்வாய்

காலையில் என் அச்சுக் கடையில் மூன்று கல்யாணப் பத்திரிகை. ஒருத்தருக்கும் எழுத்தைப் பற்றிக் கவலை இல்லை. தங்க மை இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறார்கள்.

கட்டுரையில் இன்று எழுதியது:

“காஸ்லானின் பெரிய ஏ எழுத்தைப் பாருங்கள். உச்சியில் இடப்புறம் லேசாகக் குழிந்திருக்கும். நிப்புப் பேனாவைச் சாய்த்துப் பிடித்து எழுதியதுபோல் தடித்த கோடு மெல்ல மெலிந்து வரும். எழுத்தின் முனைகளில் சின்னச் சின்னக் கால்கள் உண்டு. அவை வெட்டி ஒட்டியதாக இராமல், மரம் வேரில் அகல்வதுபோல அகன்று நிற்கும். ஒவ்வோர் எழுத்தையும் தனியே எடுத்துப் பார்த்தால் குறை தெரியும். சேர்ந்து நின்றால் பக்கம் அமைதியாகிவிடும். வேதாகமத்துக்கும், பாட்டுப் புத்தகத்துக்கும், பட்டச் சான்றிதழுக்கும், இரங்கல் அட்டைக்கும் உகந்தது. செருப்புக் கடை விளம்பரத்துக்கு ஆகாது. இந்த எழுத்துக் கத்தாது.

அதன் எண்களைத் தெரியாதவர்கள் பிழை என்று நினைப்பார்கள். இன்றைய எண்கள் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நிற்பதுபோல் ஒரே உயரம். காஸ்லானின் எண்கள் அப்படி அல்ல. ஒன்றும் இரண்டும் குள்ளம். ஆறும் எட்டும் தலை தூக்கி நிற்கும். மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது கோட்டுக்குக் கீழே காலைத் தொங்கவிடும். பிறவியே அப்படி.”

நன்றாக வந்திருக்கிறது. பியூலாவுக்குப் படித்துக் காட்டினேன். “நல்லா இருக்கு” என்றாள். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

24 ஜனவரி, வியாழன்

எப்சி இன்று கட்டு மாற்றிவிட்டு உடனே போகவில்லை. கை கழுவிவிட்டு, நான் உட்கார்ந்திருந்த முன்னறைக்கு வந்தாள்.

“சார், ஒண்ணு கேக்கணும். அக்கா கால்ல வெந்நீ எப்பிடிக் கொட்டிச்சு?”

“கை தவறிடுச்சு சிஸ்டர். சொன்னேனே.”

“வார்டுல எத்தனையோ வெந்த கால் பாத்திருக்கேன். கை தவறினா தெறிச்சிருக்கும். ஆளு காலை உதறியிருக்கும். அங்கங்க திட்டுத் திட்டா இருக்கும். இது ஒரே எடத்துல நின்னு வாங்குன புண்ணு.”

உள்ளே பியூலா இருமினாள்.

“அக்கா வாயத் தொறக்க மாட்டேங்காவ. நான் தொறப்பேன். இன்னொரு தடவ இந்த வீட்டுல இப்பிடி ஒரு புண்ணப் பாத்தேன்னா எழுதிப் போட்டுருவேன் சார். நான் எழுதிப் போடுத ஆளுன்னு ஊருக்கே தெரியும்.”

அது உண்மைதான். பிரசவ வார்டில் ஜெனரேட்டர் ஓடாத அன்று ஒரு குழந்தை இறந்ததைப் பற்றி மேலதிகாரிகளுக்கு எழுதிப் போட்டவள் அவள். ஒரு வீட்டுக்குள் வந்து உபகாரம் செய்கிறவர்கள் உபகாரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இருபத்தெட்டு வருஷம் இந்த ஊரில் மரியாதையாக வாழ்ந்திருக்கிறேன். சபையில் மூப்பர். ஒருவரிடமும் குரலை உயர்த்திப் பேசியது இல்லை.

25 ஜனவரி

தண்ணீர்த் தொட்டி கழுவினேன். கட்டுரை ஓடவில்லை.

29 ஜனவரி, செவ்வாய்

மிஷன் ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரி பொன்ராஜ் கடைக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். சட்டையில் மடிப்புக் கலையாத ஆள். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, உறையிலிருந்து ஒரு சான்றிதழை எடுத்து மேஜையில் வைத்தார்.

“அண்ணாச்சி, எழுத்து விஷயத்துல உங்களுக்கு மேல ஆள் இல்லன்னு சொல்லுதாவ. இதப் பாத்துச் சொல்லணும்.”

ஹெப்சிபாவின் நர்சிங் சான்றிதழ். 1985. அந்த நர்சிங் பள்ளியை மூடிப் பல வருஷம் ஆயிற்று. பதிவேடுகளைக் கரையான் தின்றுவிட்டதாம். கேட்டுப் பார்க்க இடம் இல்லை.

“வருஷத்தப் பாருங்க. ஒண்ணு சின்னதா இருக்கு. எட்டு மேல ஏறி நிக்குது. ஒம்பதும் அஞ்சும் கீழ எறங்கிப் போச்சு. அழிச்சுத் திருத்தினாப்பல இல்ல?”

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன்.

“வாயால ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. கண்ணுக்குத் தெரியுதத அப்பிடியே எழுதிக் குடுங்க. உங்க பேரு வெளிய வராது. விசாரணையில ‘நிபுணர் ஒருவர்’னு மட்டும்தான் வாசிப்போம்.”

ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டுச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டேன்.

30 ஜனவரி, புதன்

சான்றிதழை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். தாளைத் திருப்பி விரலால் தடவினேன். பின்பக்கம் எழுத்துகள் புடைத்திருக்கின்றன. ஈய எழுத்து அழுந்திய தடம். கம்ப்யூட்டர் அச்சில் இது வராது. எழுத்து காஸ்லான். இந்தப் பக்கத்தில் அந்நாளில் காஸ்லான் வைத்திருந்த அச்சகங்கள் ஒன்றிரண்டுதான். எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

1 பிப்ரவரி, வெள்ளி

எழுதிக் கொடுத்துவிட்டேன். ஐந்தே வாக்கியம்.

“சான்றிதழில் ஆண்டைக் குறிக்கும் நான்கு எண்களும் ஒரே அடிக்கோட்டில் நிற்கவில்லை. முதல் எண் மற்றவற்றைவிடச் சிறியது. எட்டு உயர்ந்து நிற்கிறது. ஒன்பதும் ஐந்தும் கீழே இறங்கியுள்ளன. இக்காலச் சான்றிதழ்களில் எண்கள் ஒரே சீராக அமைந்திருக்கும்.”

இதில் ஒரு பொய்யும் இல்லை. எந்தச் சபையிலும் எழுந்து நின்று வாசிப்பேன். இதிலிருந்து அவர்கள் என்ன முடிவுக்கு வருகிறார்கள் என்பது என் வேலை அல்ல.

கட்டுரையில் எண்களைப் பற்றிய பத்தியை எடுத்துவிட்டேன். கட்டுரை நீளமாகிவிட்டது என்று சங்கத்தில் முன்பே சொன்னார்கள்.

2 பிப்ரவரி, சனி

எப்சி முருங்கைக்கீரை கொண்டுவந்தாள். அவள் வீட்டு மரத்துக் கீரை. கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, “ஓரத்துல செவப்பு வந்திருக்குக்கா. நல்லது. ரத்தம் ஓடுது” என்று பியூலாவிடம் சொன்னாள். பியூலா சிரித்தாள். நான் பார்த்து எத்தனையோ நாள் ஆன சிரிப்பு.

போகும்போது என்னிடம், “திங்கக்கிழமை என்னய விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காவ சார். சர்ட்டிபிகேட் பொய்யாம். ஜெபம் பண்ணிக்கிடுங்க” என்றாள்.

“பண்ணுறேன் சிஸ்டர்” என்றேன்.

4 பிப்ரவரி, திங்கள்

அவள் வரவில்லை. கட்டு மாற்றவில்லை.

5 பிப்ரவரி

வந்தாள். முகம் வீங்கியிருந்தது. வேலையைச் செய்தபடியே பியூலாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.

“அஞ்சு பேரு உக்காந்திருந்தாவக்கா. நிபுணர் சொல்லிட்டாரு, எண்ணெல்லாம் ஏறி எறங்கி இருக்குன்னு வாசிச்சாவ. எனக்கு என்ன தெரியும்? குடுத்த அன்னையிலேர்ந்து அது அப்பிடித்தான் இருக்குன்னேன். எல்லாரும் சிரிச்சாவ. நான் பிரசவம் பாத்த பிள்ள ஒருத்தன் அங்க கிளார்க்கு. அவனும் சிரிக்கான்.”

பியூலா, “யாரு அந்த நிபுணரு?” என்று கேட்டாள்.

“பேரு சொல்லலக்கா.”

கத்தரிக்கோலால் கட்டை வெட்டும் சத்தம் கேட்டது.

13 பிப்ரவரி, சாம்பல் புதன்

வேலைநீக்க உத்தரவு. ஆஸ்பத்திரி வாசல் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். நர்சிங் கவுன்சிலுக்கும் எழுதிவிட்டார்களாம், பதிவை ரத்து செய்யச் சொல்லி. ஆராதனையில் அவளைப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் இருந்தாள். அவள் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரும் இடம் காலியாக இருந்தது.

16 பிப்ரவரி, சனி

பேப்பரில் வந்துவிட்டது. ‘27 ஆண்டுகள் ஊசி போட்ட போலி நர்ஸ்.’ படத்தையும் போட்டிருக்கிறார்கள்.

மதியம் அவளே கடைக்கு வந்தாள். முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். அடையாளம் தெரியக் கூடாது என்று நினைத்திருப்பாள். தெருவே பார்த்தது.

“சார், உங்கள விட்டா எனக்குக் கேக்க ஆளு இல்ல. நீங்க எழுத்துல பழகின ஆளு. இதக் கொஞ்சம் பாருங்க.”

சான்றிதழின் நகலை நீட்டினாள். அசல் அவர்களிடம் இருக்கிறது.

“நான் மூணு வருஷம் விடுதியில கெடந்து படிச்சேன். எங்கய்யா பனையேறினவரு. இது பொய்யின்னா நான் யாரு சார்? இதுல எங்க திருத்தியிருக்குன்னு சொல்லிட்டாக்கூடப் போதும். இல்லைன்னா இல்லைன்னு ஒரு வரி. வக்கீலுகிட்டக் குடுக்கணும்.”

நகலை வாங்கினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தேன்.

“நகலை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது சிஸ்டர். அசல் வேணும்.”

“அசல் தர மாட்டேங்காவளே.”

“அப்போ நான் என்ன செய்ய?”

தலையாட்டினாள். நகலை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். கதவருகே நின்று, “அக்காவுக்கு நாள் தப்பாமக் கட்டு மாத்தணும். நான் வந்தா உங்களுக்குக் கெட்ட பேரு. யாரையாவது ஏற்பாடு பண்ணிக்கிடுங்க” என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

17 பிப்ரவரி, ஞாயிறு

ஒன்றை எழுதி வைக்கிறேன். இது எனக்கு மட்டும்.

அந்த நகலில்கூட, ‘நர்சிங்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தில் இடது மேல் மூலைக் கால் ஒடிந்திருப்பது தெரிந்தது. முப்பத்தாறு புள்ளி அளவுள்ள பெரிய எழுத்து. அது மிஷன் அச்சகத்து எழுத்து. 1985 மார்ச்சில், புதிதாகக் கல்யாணம் ஆன சமயம், அந்த எழுத்தைச் சிமெண்டுத் தரையில் நழுவவிட்டு ஒடித்தவன் நான். போர்மேன் பார்த்துவிடுவார் என்று பயந்து, ஒடிந்ததையே கோத்து நாற்பது சான்றிதழ் அச்சடித்தேன். நாற்பது பெண்கள். அவர்களில் ஒருத்தி இவள்.

அசலைப் பார்த்த முதல் நிமிஷமே தெரியும்.

22 பிப்ரவரி

கட்டு நானே மாற்றுகிறேன். வாங்கிய பஞ்சு சரியில்லை. பியூலா சத்தம் போடுவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைக்கிறாள். வேதாகமத்துச் சங்கீதம் ஏதாவதாக இருக்கும்.

3 மார்ச், ஞாயிறு

கால்விரல் ஓரம் நிறம் மாறியிருக்கிறது. வாடை. சாம்பிராணி போட்டேன்.

5 மார்ச்

மலர் வந்துவிட்டது. ‘பழைய முகம்’ ஆறு பக்கம். நல்ல தாள். சங்கத் தலைவர் போனில் பாராட்டினார். பியூலாவின் படுக்கை அருகே ஒரு பிரதி வைத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, “எண்ணப் பத்தி எழுதியிருந்தீங்களே, அது எங்க?” என்று கேட்டாள்.

“நீளமாயிடுச்சு.”

“அப்பிடியா.”

14 மார்ச், வியாழன்

பியூலாவுக்குக் குளிர் காய்ச்சல். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மாலையில் ஆபரேஷன். வலது பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். கையெழுத்துக் கேட்டார்கள், போட்டேன்.

நிலோஃபர் என்று ஒரு டாக்டர். சின்னப் பெண். “எப்படி ஆச்சு?” என்று இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் நான்தான் பதில் சொன்னேன். “ஒரு மாசம் முன்னாடியே வந்திருந்தா ஒரு விரலோட போயிருக்கும். பாத்துக்கிட்டிருந்த நர்ஸ் ஏன் நிறுத்தினாங்க?” என்றாள்.

அவர்களுக்கு வேறு வேலை வந்துவிட்டது என்றேன்.

18 மார்ச், திங்கள்

எப்சி வார்டுக்கு வந்தாள். யார் சொல்லி அனுப்பினார்கள் என்று தெரியவில்லை. பியூலாவாகத்தான் இருக்கும். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போர்வையை விலக்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு மூடினாள்.

பியூலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்சி, உன் சர்ட்டிபிகேட்டு பொய்யில்ல. எனக்குத் தெரியும். கல்யாணமான புதுசுல இவியளுக்குச் சோறு கொண்டுட்டு பிரஸ்ஸுக்குப் போவேன். நர்சிங் பள்ளிக்கூடத்து சர்ட்டிபிகேட்டெல்லாம் கயித்துல காஞ்சுக்கிட்டிருக்கும். ‘நான் கோத்தது, பாரு’ன்னு தூக்கிக் காட்டினாவ. எண்ணு ஏன் இப்பிடிக் கோணலா இருக்குன்னு அன்னைக்கே நான் கேட்டேன். அது அப்பிடித்தான்னு சொல்லித் தந்தாவ.”

எப்சி என் பக்கம் திரும்பினாள். நான் ஜன்னல் ஓரம் நின்றுகொண்டிருந்தேன்.

“சார், நான் கடைக்கு வந்தேனே, அப்பவே உங்களுக்குத் தெரியுமா?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

“அந்த நிபுணரும் இவியதான்” என்றாள் பியூலா. “கட்டுரையில எண்ணப் பத்தி எழுதினத எடுத்துட்டாவ. அதுலதான் நான் கண்டுபிடிச்சேன்.”

எப்சி அழுவாள் என்று நினைத்தேன். அடிப்பாள் என்றும் நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. எழுந்து நர்ஸிடம் போய்க் கையுறை கேட்டாள். அந்த நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்தாள், பேப்பரில் வந்த முகம் என்று தெரிந்திருக்கும், கொடுக்கவில்லை. எப்சி திரும்பி வந்து, வெறுங்கையால் பியூலாவின் முழங்காலுக்குக் கீழே தலையணையைச் சரி செய்தாள்.

“காலை ஆட்டாதீங்கக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

20 மார்ச், புதன்

பியூலா காலையில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னது இதுதான் முதல் முறை.

“எப்சிக்கு எழுதிக் குடுங்க. நான்தான் கோத்தேன், எண்ணு அப்பிடித்தான் இருக்கும்னு எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

“அது எனக்கு அவமானம் பியூலா.”

“அந்த டாக்டரம்மா தெனம் கேக்குதா, எப்பிடி ஆச்சுன்னு. நீங்க எழுதிக் குடுங்க. பெறவு, அவகிட்ட என்ன சொல்லணும்னு நான் யோசிப்பேன்.”

அவள் குரலும் உயரவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் நாங்கள் ஏதோ வீட்டுச் செய்தி பேசுகிறோம் என்று நினைத்திருப்பாள்.

22 மார்ச், வெள்ளி

எழுதினேன். “மேற்படி சான்றிதழை 1985 மார்ச்சில் மிஷன் அச்சகத்தில் அச்சுக் கோத்தவன் நானே. காஸ்லான் எழுத்தின் எண்கள் இயல்பிலேயே ஏற்ற இறக்கம் உடையவை. எந்தத் திருத்தமும் இல்லை. இதை அறிந்தே என் முதல் அறிக்கையில் குறிப்பிடாமல் விட்டேன். இப்படிக்கு, சா. தவசீலன்.” ‘அறிந்தே’ என்ற சொல்லை இரண்டு முறை அடித்துவிட்டுத் திரும்பவும் எழுதினேன்.

முதல் பிரதியைப் பொன்ராஜிடம் கொண்டுபோனேன். படித்தார். ஆச்சரியப்படவில்லை.

“இது எங்களுக்குத் தெரியும் அண்ணாச்சி. முதல்ல மதுரையில ஒருத்தர்ட்டக் காட்டினோம். எண்ணு அப்பிடித்தான் வரும்னு ஒரே பார்வையில சொல்லிட்டாரு.”

“பிறகு ஏன் எங்கிட்ட வந்தீங்க?”

“உங்க பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் எங்க ஆளுதானே. அந்தம்மா உங்க வீட்டுல வந்து ஏதோ சத்தம் போட்டாவன்னு சொன்னாரு. என்ன விஷயம்னும் சொன்னாரு.” தாளை மடித்து என் பக்கம் தள்ளினார். “அதான் உங்ககிட்ட வந்தோம்.”

வெளியே வந்தபோது பிரசவ வார்டு வாசலில் ஒரு கிழவர் எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் கொடுத்தார்.

23 மார்ச், சனி

கவுன்சிலுக்குப் பதிவுத் தபாலில் ஒரு பிரதி. எப்சி வீட்டுக்கு ஒரு பிரதி. கதவைத் திறந்தவள் உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றே முழுக்கப் படித்தாள்.

“ஒரு வரிதான் சார் நான் கேட்டது” என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

27 மார்ச், புதன்

எப்சியின் வக்கீல் அந்தத் தாளோடு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். கவுன்சில் பதில் வரும்வரை உத்தரவை நிறுத்திவைப்பதாக அவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். பேப்பர்க்காரர்கள் அதைப் போடவில்லை. சபையில் என்னை மூப்பர் பொறுப்பிலிருந்து ஓய்வெடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பியூலாவிடம் இரண்டையும் சொன்னேன். “சரி” என்றாள். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். சாப்பிட்டாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

29 மார்ச், பெரிய வெள்ளி

மூன்று மணி நேர மும்மணி ஆராதனை முடிந்து நேரே வார்டுக்கு வந்தேன். டாக்டர் நிலோஃபர் பியூலாவின் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தாள். எப்சி முக்காலியில் இருந்தாள்.

“நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்மா. கேஸ் ஷீட்ல ஒரு இடம் மட்டும் நிரப்பாம இருக்கு. புண்ணு எப்படி வந்துச்சு?”

“வெந்நீர் கை தவறிக் கொட்டிடுச்சு டாக்டர்” என்றேன்.

“நான் அவங்களைக் கேட்டேன்.”

பியூலா தலையணையில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவசரப்படாமல் சொன்னாள்.

“இவிய அச்சடிச்சுக் கொண்டாந்த தாளு ஒண்ணு தரையில கெடந்துச்சு. நான் பாக்காம மிதிச்சிட்டேன். ‘காலை எடுக்காத, அப்பிடியே நில்லு’ன்னாவ. நின்னேன். அடுப்படிக்குப் போயிக் கெட்டில எடுத்துட்டு வந்தாவ. குனிஞ்சு தாள மெதுவா உருவி மேஜையில வச்சாவ. பெறவு ஊத்தினாவ.”

டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். “நீங்க ஏம்மா நின்னீங்க?”

“இருபத்தெட்டு வருஷமா நில்லுன்னா நின்னு பழக்கம்.”

“கத்தினாரா?”

“இல்லம்மா. கத்தவே மாட்டாவ.”

நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். “பியூலா, நீ சொல்ல மாட்டேன்னுதானே நான் எழுதிக் குடுத்தேன்.”

“யோசிப்பேன்னுதான் சொன்னேன்” என்றாள். “யோசிச்சேன்.”

அவள் டிஸ்சார்ஜ் ஆனதும் எப்சி வீட்டுக்குப் போகிறாளாம். அங்கே கீழ் அறை இருக்கிறதாம். எனக்குத் தெரியாமல் எல்லாம் பேசி முடித்திருக்கிறார்கள்.

டாக்டர் என்னை வெளியே இருக்கச் சொன்னாள். ஆஸ்பத்திரி அவுட்போஸ்ட் போலீஸ்காரர் சாப்பிடப் போயிருக்கிறாராம். அவர் வரும்வரை இங்கேயே நில்லுங்கள், எங்கும் போகக் கூடாது என்றார் வார்டு ஊழியர். வராந்தாவில் பெஞ்சு எதுவும் காலியாக இல்லை. முக்கால் மணி நேரமாக நிற்கிறேன்.